பாறை படித்தவர்கள்: ஃபிரைபெர்க்கிலிருந்து அரியலூர் வரை

1855ஆம் ஆண்டின் பிற்பாதியில் லண்டனிலிருந்து அண்ணன் தம்பி இருவர் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் வில்லியம் பிளான்ஃபோர்டுக்கு 23 வயதுகூட நிரம்பியும் நிரம்பாத பருவம். இளையவர் ஹென்றிக்கு 21. இருவருக்கும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை. துறையே அப்போது பச்சைக் குழந்தை. தாமஸ் ஓல்டாம் 1851இல் வந்து பொறுப்பேற்று நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வந்த கையோடு சகோதரர்களை ஒரிசாவில் பிராமணி ஆற்றங்கரையிலுள்ள தால்ச்சேர் நிலக்கரி வயலுக்கு அனுப்பினார்கள். அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அங்கே நிலக்கரி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?

நிலக்கரிக்குக் கீழே விசித்திரமான ஒரு படிவு இருந்தது. பச்சை கலந்த மென்மையான வண்டல். விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் அளவு நுண்மை. அதற்குள் ஆங்காங்கே பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் புதைந்து கிடந்தன. பார்க்கிறவர் பலரும் ‘பழைய ஆற்றுப்படுகை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். பிளான்ஃபோர்டுகளும் உடன் வேலை செய்த வில்லியம் தியோபால்டும் நகரவில்லை. பெரும்பாறைகளை உருட்டிக்கொண்டு வரும் வேகம் ஓர் ஆற்றுக்கு இருந்தால், அந்த நுண்ணிய வண்டலை அது அங்கே படிய விட்டிருக்காது, அடித்துக்கொண்டு போயிருக்கும். வண்டல் படியும் அளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றிருந்தால், பாறைகள் அங்கே வந்தது எப்படி? இரண்டையும் ஒருங்கே கொண்டுவந்து போடக்கூடியது பனிக்கட்டி ஒன்றுதான். கொதிக்கும் ஒரிசாவில், கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத ஒரு சமவெளியில், ஒரு காலத்தில் பனிக்கட்டி இருந்தது என்று 1856இல் அவர்கள் எழுதினார்கள்.

நம்ப முடியாத முடிவு அது. 1870களில் சந்திரபூருக்கு அருகே பென்கங்கை ஆற்றங்கரையில் இராய் என்ற ஊரில், அதே படிவுக்கு அடியில் பனியாறு உராய்ந்து வழவழப்பாக்கிய, கீறல் விழுந்த பாறைத்தரையை ஃபெடன் என்ற ஆய்வாளர் கண்டபோது சந்தேகம் குறைந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் அதே வகைப் படிவுகள் கிடைத்தன. கண்டங்கள் முன்பு ஒட்டிக் கிடந்தன என்று வெகெனர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதாடியபோது, அவர் கையிலிருந்த வலுவான சான்றுகளில் இந்தப் பனிப்படிவுகளும் அடங்கும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமை கொண்ட அந்தப் படிவுக்கு இன்றும் தால்ச்சேரின் பெயர்தான்.

நிலவியல் படித்து முடிக்கும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற விவாதம் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கனிமவியல் எத்தனை தாள், புவி இயற்பியல் எத்தனை தாள், கணினிக்கு எவ்வளவு நேரம் என்று பேச்சு நீள்கிறது. தால்ச்சேரில் நின்ற அந்த இரண்டு இளைஞர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, அதை யார் எங்கே கற்றுக்கொடுத்தார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் விடையில் பெரும்பகுதி கிடைக்கும்.

அவர்கள் படித்தது லண்டனில், 1851இல் தொடங்கிய அரசுச் சுரங்கக் கல்லூரியில். அங்கே நிலவியல் சொல்லிக்கொடுத்த ஆண்ட்ரூ ராம்சே, ஆண்டின் பெரும்பகுதியை வேல்ஸ் மலைகளில் வரைபடம் போட்டபடி கழித்தவர். பிளான்ஃபோர்டுகள் இந்தியாவுக்குக் கிளம்பிய அதே 1855இல்தான், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பெர்மியன் காலக் கல்திரள்கள் பனியாறு கொண்டுவந்தவை என்று ராம்சே ஒரு கட்டுரை வெளியிட்டார். ராம்சேயின் அந்த முடிவைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் கல்லின் கோணம், கீறல், கலந்துகிடக்கும் அளவுகள் ஆகியவற்றை வைத்து அதைக் கொண்டுவந்தது எது என்று கேட்கும் பழக்கம் மாணவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் தம் ஊரில் தவறவிட்ட விடையை மாணவர்கள் ஒரிசாவில் சரியாகப் பிடித்தார்கள்.

லண்டனில் முடித்துவிட்டு இருவரும் சாக்சனி நாட்டு ஃபிரைபெர்க்கில் ஓராண்டு படித்தார்கள். அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது சாக்சனியின் கஜானா காலி. ஃபிரைபெர்க்கைச் சுற்றி வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றை ஒழுங்காக நடத்தத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. அதற்காகவே 1765இல் அங்கே சுரங்கக் கல்விக்கழகம் தொடங்கினார்கள். 1775இல் அதில் ஆசிரியராகச் சேர்ந்த ஆபிரகாம் வெர்னர், 1817இல் இறக்கும்வரை 40 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே பாடம் நடத்தினார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1791இல் வந்த அலெக்சாண்டர் ஹம்போல்ட்டின் நாள் இப்படிக் கழிந்தது: விடியற்காலையில் சுரங்கத்துக்குள் இறக்கம், நண்பகல்வரை பாறைக்கு நடுவே வேலை, பிற்பகலில் வகுப்பு. கையில் அழுக்குப் படாமல் ஃபிரைபெர்க்கில் யாரும் பட்டம் வாங்கிவிட முடியாது.

வெர்னர் தம் 25ஆவது வயதுக்குள், 1774இல், கனிமங்களை வெளித்தோற்றத்தைக் கொண்டு அடையாளம் காண்பது பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். நிறம், பளபளப்பு, உடையும் விதம், நகத்தாலும் கத்தியாலும் கீறினால் காட்டும் கடினம், உள்ளங்கையில் வைத்தால் தெரியும் கனம், மணம், நாக்கில் வைத்தால் சுவை. இவ்வளவையும் வரிசையாகப் பார்த்து, பார்த்ததைப் பிறருக்கும் புரியும்படி ஒரே சொல்முறையில் எழுத வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லாத காட்டிலும் ஒருவர் தன் புலன்களைக் கொண்டே கல்லை இனம் காணலாம் என்பதை அவர் பாடமாக்கினார். இன்றும் முதலாண்டு மாணவர் கையில் ஒரு குவார்ட்சையும் ஒரு கால்சைட்டையும் கொடுத்து ஆசிரியர் கேட்கும் கேள்விகள் அந்த நூலின் வழிவந்தவையே.

இத்தனை நுட்பமான வெர்னர் பெரிய விஷயம் ஒன்றில் தவறாகப் போனார். ஏறத்தாழ எல்லாப் பாறையும் ஆதிக் கடலிலிருந்து படிந்தவை, எரிமலைக் கருங்கல்லான பசால்ட் உட்பட, என்பது அவர் கோட்பாடு. அதை உடைத்தவர்களில் அவருடைய மாணவர்களே முக்கியமானவர்கள். லியோபோல்ட் ஃபான் புக் இத்தாலிக்கும் பிரான்ஸின் ஓவர்ன் பகுதிக்கும் போனார். ஹம்போல்ட் ஆண்டிஸ் மலையின் எரிமலைகளில் ஏறினார். நேரில் பார்த்தபிறகு ஆசிரியரின் கடல் அவர்களுக்கு நிற்கவில்லை. ஒரு கல்விநிலையத்தைப் பற்றி இதைவிடப் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது? கோட்பாடு பொய்த்தது, பார்க்கும் பயிற்சி நின்றது. அந்தப் பயிற்சியே கோட்பாட்டைத் திருத்தியது.

பார்க்கும் பயிற்சி மட்டும் போதுமா என்றால், அதற்கும் வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1831 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக், தம்மோடு இளைஞர் ஒருவரை வடக்கு வேல்ஸுக்கு அழைத்துப்போனார். செட்ஜ்விக் 1818இல் அந்தப் பதவிக்குத் தேர்வானபோது நிலவியலில் அவருக்கு அனுபவம் அதிகமில்லை. பிறகு களத்தில் சுற்றியே கற்றுக்கொண்டார். குதிரை மேல் ஏறி, மாணவர் கூட்டத்தோடு ஊரூராகப் போய் வெட்டவெளியிலேயே பாடம் நடத்துவதில் பேர்பெற்றவர். உடன்போன இளைஞர், அப்போதுதான் பட்டம் பெற்றிருந்த சார்லஸ் டார்வின். அடுக்கின் சாய்வை அளப்பது, வரைபடத்தில் குறிப்பது ஆகியவற்றை அந்தப் பயணத்தில்தான் அவர் உருப்படியாகக் கற்றார். ஊர் திரும்பியபோது ‘பீகிள்’ கப்பல் பயணத்துக்கான அழைப்புக் கடிதம் வீட்டில் காத்திருந்தது.

அந்தப் பயணத்தில் கும் இட்வல் என்ற மலைப்பள்ளத்தில் இருவரும் மணிக்கணக்காகத் தொல்லுயிர் எச்சம் தேடினார்கள். அந்தப் பள்ளமே பனியாறு குடைந்தது. சுற்றிலும் கீறல் விழுந்த பாறைகள், பனியாறு விட்டுப்போன கற்குவியல்கள். இருவர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. பனியாறுகள் ஐரோப்பாவை மூடியிருந்தன என்று லூயி அகாசி 1840இல் நூல் வெளியிட்ட பிறகு, 1842இல் டார்வின் மறுபடி அங்கே போனார். அப்போது எல்லாம் தெரிந்தது. முதல் பயணத்தில் அதைக் காணாமல் போனதைத் தம் தன்வரலாற்றில் அவரே வியந்து எழுதியிருக்கிறார். செட்ஜ்விக்கைவிடக் கூர்மையான கண்களும் டார்வினைவிடத் துடிப்பான மூளையும் எந்த வகுப்பறையில் கிடைக்கும்? கேட்க வேண்டிய கேள்வி அவர்களிடம் அன்று இல்லை. 25 ஆண்டு கழித்துத் தால்ச்சேரில் நின்ற பிளான்ஃபோர்டுகளிடம் இருந்தது.

சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான நிகழ்ச்சி ஒன்றும் இதே வகைதான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல்லை, அதற்குமுன் எத்தனையோ பேர் மிதித்திருப்பார்கள். பிரான்ஸில் கிடைத்த கற்கருவிகள் மனிதர் செதுக்கியவையே என்று 1859இல் அறிஞர்கள் உறுதிசெய்த செய்தி ஃபூட்டுக்குத் தெரியும். அதனால் அவர் குனிந்து எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். இந்தியாவின் கற்கால வரலாறு அங்கே தொடங்கியது.

ஃபூட்டும் கிங்கும் சென்னை மாகாணக் குழுவில் இருந்தவர்கள். அந்தக் குழுவைத் தொடக்கத்தில் நடத்தியவர் தால்ச்சேர் தம்பி, ஹென்றி பிளான்ஃபோர்டு. 1857 முதல் அவர் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரிட்டேசியஸ் காலப் பாறைகளை வரைபடமாக்கினார். அங்கே கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கிடப்பது 1840களிலேயே தெரியும். கே என்ற சென்னை அரசு அதிகாரியும் அவர் நண்பரும் பொறுக்கி அனுப்பியவற்றை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்திருந்தார். ஆனால் எந்தச் சிப்பி எந்த அடுக்கிலிருந்து வந்தது, எது கீழே, எது மேலே என்ற ஒழுங்கு யாரிடமும் இல்லை. பெட்டியில் கிடக்கும் சிப்பி அழகான பொருள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அது சான்று.

பிளான்ஃபோர்டு அந்த ஒழுங்கைக் கொடுத்தார். 1862இல் வெளியான அவருடைய அறிக்கை, கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பிரிவுகளைக் காட்டியது. பின்வந்தவர்கள் உள்ளே நிறையப் பிரித்தார்கள், எல்லைகளை நகர்த்தினார்கள். அந்த மூன்று ஊர்ப்பெயர்கள் மட்டும் 160 ஆண்டுகளாக நிற்கின்றன. கிரிட்டேசியஸ் பற்றிய பெருநூல்கள் பலவற்றில் ஊட்டத்தூர் கண்ணில் படும். அங்கே கிடைத்த உயிரெச்சங்களை மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா 1860களிலும் 70களிலும் நான்கு பெருந்தொகுதிகளாக விவரித்தார். அந்த வேலை முடிந்து அதிக நாள் ஆகவில்லை; 1874இல் யார்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில், 36 வயதில், மலைநோயால் இறந்தார். லேயில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

இந்தக் கல்வியில் இந்தியர்களுக்குப் பங்கு கிடைத்த கதை அவ்வளவு இனிமையானதில்லை. 1870களில் ராம் சிங், கிஷன் சிங், ஹீரா லால் என்ற மூவரைப் பயிலுநர்களாகச் சேர்த்தார்கள். ஓல்டாமுக்குப்பின் துறைத் தலைவரான மெட்லிகாட், இயற்கை அறிவியலில் சொந்த ஆய்வு செய்யும் திறன் இந்தியர்களுக்கு இல்லை என்று அரசாங்கத்துக்கு எழுதினார். ஆறு ஆண்டு லண்டனில் படித்தவரானாலும் அதே பார்வைதான். பிரமதநாத் போஸ் லண்டன் பல்கலைக்கழகத்திலும், பிளான்ஃபோர்டுகள் படித்த அதே சுரங்கக் கல்லூரியிலும் படித்து, 1880இல் துறையின் அதிகாரி நிலையில் சேர்ந்த முதல் இந்தியர். 1903இல் பணிமூப்பில் அவரைவிடப் பத்தாண்டு இளைய தாமஸ் ஹாலண்டு தலைவரானபோது போஸ் வேலையை விட்டார்.

அவர் கற்ற கல்வி அவரோடு வெளியே வந்தது. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் வேலை பார்க்கப் போன போஸ், கொருமகிசானி மலையில் உயர்தர இரும்புத்தாது இருப்பதைக் கண்டு 1904 பிப்ரவரியில் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதினார். ஜாம்ஷெட்பூர் உருவானதற்கு அந்தக் கடிதம் ஒரு காரணம். 1906இல் வங்காளத் தொழில்நுட்பக் கல்விநிலையம் தொடங்கியபோது அதன் முதல் முதல்வராகவும் இருந்தார்.

இந்திய மாணவருக்கு இந்தியப் பாறையை வைத்துப் பாடம் சொன்ன நூல் அதற்கும் பிறகே வந்தது. 1907இல் ஜம்முவின் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார் தாராஷா நோஷெர்வான் வாடியா. மாணவர்களுக்குக் கிடைத்த பாடநூல்களில் எடுத்துக்காட்டு எல்லாம் இங்கிலாந்தின் சுண்ணப்பாறையும் வேல்ஸின் பலகைக்கல்லும். கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சிவாலிக் குன்றுகள், அவற்றுள் புதைந்த யானை இனங்களின் எலும்புகள். விடுமுறைதோறும் வாடியா குன்றுகளில் அலைந்தார், மாணவர்களையும் கூட்டிப்போனார். 1919இல் ‘இந்திய நிலவியல்’ நூலை வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக அது பாடநூலாக இருந்தது. பின்னர் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவர், அங்கே ஓய்வுபெற்றபின் 1938 முதல் 1944 வரை இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பணியாற்றினார். இலங்கையின் நிலம் மூன்று படிகளாக உயர்ந்திருப்பதற்கு விளக்கம் தேடியவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொரு பாடநூல் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவருடையது. மா. சீ. கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் படித்து, லண்டனில் ஆய்வுப்பட்டம் வாங்கி, 1924இல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1943இல் இந்தியா, பர்மா நிலவியல் பற்றிய பெருநூலை எழுதினார். 1951இல், மெட்லிகாட் இருந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் ஆனார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமாகக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே.

சாத்தனூருக்கு இன்றும் பேருந்து பேருந்தாக மாணவர்கள் வருகிறார்கள். மரத்தோடு நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிற வகுப்புகளும் உண்டு; அதை ஃபீல்டு என்று சொல்வது ஃபீல்டுக்குச் செய்கிற அநியாயம். காரை கிராமத்தின் செம்மஞ்சள் களிமண் மேடுகளில் இறங்கி வேலை செய்கிற வகுப்பைப் பார்க்க வேண்டும். கையில் சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட், சுத்தியல், பத்து மடங்கு லென்ஸ், கிளினோமீட்டர் திசைகாட்டி, சின்னப் புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். முதலில் பாறையின் ஒரு மூலையை உடைத்துப் புதுமுகம் காண வேண்டும். வெயிலும் மழையும் தின்ற மேல்தோல் நிறத்தில் பொய் சொல்லும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லை லென்ஸிடம் கொண்டுவர வேண்டும். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். பிறகு அடுக்கின் மேல் கிடைமட்டமாக ஒரு கோடு எந்தத் திசையில் ஓடும், அதற்குக் குறுக்கே அடுக்கு எத்தனை பாகை சரிகிறது என்று அளந்து, நின்ற இடத்திலேயே ஷீட்டில் குறிக்க வேண்டும். விடுதிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பவரின் நோட்டில் பாதி கற்பனை.

இப்படி நூறு இடம் நின்று குறித்தபின் எல்லைக்கோடு இழுக்கிறார்கள். அதில் ஒரு விதி. இரு பாறைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் முழுக்கோடு. மண்மூடிக் கிடந்து, அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்திருந்தால் விட்டுவிட்டு இழுத்த கோடு. நிலவியல் வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர் முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். எங்கே இவர் பார்த்தார், எங்கே நினைத்தார் என்று அவை சொல்லிவிடும். அணை கட்டுகிறவரும், சுரங்கம் வெட்டுகிறவரும், ஆழ்துளைக் கிணறு போடுகிறவரும் கோடிக்கணக்கான பணத்தை அந்த வேறுபாட்டை நம்பித்தான் இறைக்கிறார்கள். பட்டம் வாங்கும் ஒரு மாணவர், முன்பின் தெரியாத 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை நடந்து அளந்து, முழுக்கோட்டையும் விட்ட கோட்டையும் நேர்மையாகப் பிரித்து, அடியில் அடுக்குகள் எப்படிப் போகின்றன என்று வெட்டுமுகமும் வரைந்து தரத் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதன்மேல் கட்டப்படுவது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் வாரக்கணக்கில் தானே செய்யும் வரைபடப் பணி நெடுங்காலமாகப் பட்டத்தின் ஒரு பகுதி. அமெரிக்காவில் அதற்கென்றே கோடைக்கால முகாம்கள் உண்டு.

செயற்கைக்கோள் படம் வந்துவிட்டது, டிரோன் வந்துவிட்டது, ஜிஐஎஸ் வந்துவிட்டது. அவற்றையெல்லாம் மாணவர் கற்கத்தான் வேண்டும். காரையின் மேடுகளை ஒரே பார்வையில் காட்ட டிரோனைப்போல் எதுவும் இல்லை. ஆனால் தால்ச்சேரின் வண்டலை எந்த டிரோனும் விரலால் தேய்த்துப் பார்க்காது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு இது நன்றாகத் தெரியும். 1976இல் ஹைதராபாத்தில் பயிற்சி நிலையம் தொடங்கி, ஜாவர், சித்ரதுர்கா, குஜு போன்ற இடங்களில் களப்பயிற்சி மையங்கள் வைத்து, தேர்வில் வென்று வரும் முதுகலைப் பட்டதாரிகளை முதலில் வரைபடம் போட அனுப்புகிறது. அந்தத் துறையில் இடம் கிடைப்பது சிலருக்குத்தான். மீதிப்பேருக்குக் கல்லூரியில் கிடைத்ததே கடைசிப் பயிற்சி. பேருந்துக்கும் தங்குமிடத்துக்கும் பணமில்லை என்று ஃபீல்டு நாட்களைக் குறைக்கும்போது அவர்களிடமிருந்து எடுக்கப்படுவது இதுதான்.

அரியலூருக்கு இதில் ஓர் அவசரமும் உண்டு. பிளான்ஃபோர்டு ஓடைக்கரைகளிலும் கிணறுகளிலும் எட்டிப் பார்த்த அடுக்குகளை, 1939இல் டால்மியாபுரத்தில் தொடங்கிய சிமெண்ட் தொழில் பெரும் பள்ளங்களாக வெட்டித் திறந்துவிட்டிருக்கிறது. கல்லக்குடியிலும் அரியலூரைச் சுற்றியும் உள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் செங்குத்துச் சுவர்களில், பிளான்ஃபோர்டு கனவிலும் காணாத வெட்டுமுகங்கள் வரிவரியாகத் தெரிகின்றன. ஆனால் கல் தீர்ந்ததும் பம்புகளை நிறுத்திவிடுகிறார்கள்; ஓரிரு மழைக்காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதி தண்ணீருக்குள் போய்விடுகிறது. இன்று வேலை நடக்கும் சுரங்கங்களின் சுவர்களை அடுக்கு அடுக்காக அளந்து வரைந்துவைக்கும் வேலைக்கு, திருச்சியிலும் சேலத்திலும் சென்னையிலும் நிலவியல் படிக்கும் மாணவர்களைவிடப் பக்கத்தில் யாரும் இல்லை. நிறுவனங்களின் அனுமதியும், துறைகளுக்கு இடையே ஒரு பொதுவான பதிவேடும், ஒவ்வொரு வகுப்புக்கும் சில வாரங்களும் கிடைத்தால், இறுதியாண்டு மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.